நூல் அஞ்சல்

முக்கூடல் தபால் ஆபீசில்
தராசுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும்:
புத்தக அஞ்சல். முனைகள் திறந்திருக்க வேண்டும்.
உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.
தெரியத்தான் செய்தது.

நைட்டியை எட்டாக மடித்து
கால் மணி நேரம் அதன்மேல் உட்கார்ந்தால்
விரல் கனத்துக்கு வந்துவிடும்.
மேலே அரைப் புத்தகம், கீழே அரைப் புத்தகம்.
முழுசாக வைத்தால் எடை ஏறும்,
அதனால் நடுமுதுகில் கத்தி வைப்பேன்.
மைதீன் பிச்சை பழைய பேப்பர் கடையில்
கிலோவுக்கு இவ்வளவு என்று எதைக் கட்டித் தந்தாலும் சரி:
வங்கிப் பரீட்சை, கோழி வளர்ப்பு,
அட்டையும் பேரும் போன ஒரு துப்பறியும் கதை.
எந்தப் பாதி எதோடு போனதென்று யார் பார்த்தார்கள்.

பார்சலுக்கும் இதற்கும் நாற்பத்தைந்து ரூபாய்.
டெலிவரி இலவசம் என்று இன்ஸ்டாகிராமில் போட்டாச்சு,
அந்த இலவசத்தை யார் தலையில் கட்ட?
சர்க்கார் என்பது ஆத்துத் தண்ணி,
நான் மோந்தது ஒரு செம்பு.
மாசம் அறுபது செம்பு.

ஜெபக்கனி மேடம் குனிந்தபடியே கேட்பாள்,
"புக்கா?"
"புக்குதான்."
முத்திரை குத்துவாள். மற்றவர்கள் கவரெல்லாம்
டொக், டொக்.
என்னுடையது மட்டும் பொத்.
துணி சத்தத்தை வாங்கிக்கொள்ளும்.
எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

அரூரிலிருந்து கோமளவல்லி எழுதினாள்:
அளவு சரி, சாயம் போகவில்லை.
ஆனால் தொண்ணூற்றாறாம் பக்கத்தில்
தோட்டத்துக் கிணற்றில் பிணம் மிதக்கிறதே,
தள்ளியது யார்? மீதி எங்கே?
சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்று அனுப்பினேன்.
மறுநாளும் கேட்டாள்.
அதற்கு மறுநாள்
தந்திருந்த ஐந்து நட்சத்திரத்தில் இரண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

மீதி ஒட்டன்சத்திரம் போயிருந்தது,
அரக்கு நிறம், டபுள் எக்ஸெல், சுகிர்தா.
விசாரித்தால் அவள் என்மேல் பாய்கிறாள்:
"கணக்கப்பிள்ளைதான் தள்ளினான், அழுதுகிட்டே ஒத்துக்கிட்டான்.
செத்தது யாருங்க அதைச் சொல்லுங்க."

கொன்றவன் ஓர் ஊரில்,
செத்தவன் ஓர் ஊரில்,
நடுவில் என் கத்தி.

இரண்டு பாதியையும் வரவழைத்தேன்,
கூரியரில், என் காசில். நூற்றிநாற்பது.
மைதா காய்ச்சி முதுகை ஒட்டி
மேலே அம்மிக்குழவி ஏற்றி ஓர் இரவு வைத்தேன்.
முதலில் அரூர் படிக்கும், பிறகு ஒட்டன்சத்திரம்.
அப்படித்தான் பேச்சு.

அன்றைக்குத்தான் ஜெபக்கனி மேடம் நிமிர்ந்தாள்.
பசை உலர்ந்து முதுகு புடைத்திருந்தது.
உறையிலிருந்து உருவினாள்.
"இல்ல மேடம், இது நெசமாவே..."
அந்த ‘நெசமாவே’ வாயை விட்டு வந்ததும்
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பக்கம் பக்கமாகத் தள்ளினாள்.
வரிசையில் பென்ஷன்காரர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.
தொண்ணூற்றாறுக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவே
பசையில் ஒட்டிக்கிடந்தது அரக்கு நிறத்தில் ஓர் இழை.
நகத்தால் கிள்ளி எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்னது?"

"நூல்" என்றேன்.

அதையும் பார்த்தாள், புத்தகத்தையும் பார்த்தாள்.
சிரிப்பு வந்ததா என்று சொல்ல முடியாது,
உதட்டில் ஸ்டாம்பு நனைக்கிற ஈரம்தான் இருந்தது.
இழையை ஊதிவிட்டு
முத்திரையை ஓங்கினாள்.

டொக்.

பையில் இன்னும் நாலு கிடந்தன,
உட்கார்ந்து உட்கார்ந்து நான் தட்டையாக்கியவை.

"அடுத்து?" என்றாள்.