பன்னிரண்டாம் கட்டம்

அமைச்சகத்தின் வெள்ளை வண்டி
அல் தகீராவின் கண்டல் ஓரம் நின்றபோது
மணி நாலே கால்.
விடியுமுன் எடுத்தால்தான்
நீருக்கு எவ்வளவு மூச்சு மிச்சம் என்று தெரியும்.
முழங்கால் சேற்றில் இறங்கி
ஆறு புட்டிகள் நிரப்பினேன்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் நீல டேப்,
அதன்மேல் தேதி, இடம்,
என் பெயரின் முதல் எழுத்து.

பதினோரு வருடமாக
இந்தக் கடலை நான் ரசித்ததில்லை,
அளந்திருக்கிறேன்.
நாலுக்குக் கீழே மீன் திணறும்.
இரண்டுக்குக் கீழே நண்டும் மேலேறி வரும்.
இன்று ஒன்று புள்ளி மூன்று.
சேற்றில் குத்திட்ட மூச்சுவேர்களின் மேல்
நண்டுகள் நின்றன,
கடைசிப் பேருந்தை விட்டவர்கள் போல.

நாற்றம் எங்கிருந்து என்று தேட வேண்டியிருக்கவில்லை.
உப்புமண்ணில் பத்து டயர்களின் தடம்.
அது திரும்பிய இடத்தில்
உடைந்த பின்விளக்கின் சிவப்புச் சில்லு,
அதைச் சுற்றி நீல டேப்.

நான் ஒட்டியது.
போன வெள்ளிக்கிழமை,
பிச்சைக்கனியின் கழிவுநீர் டேங்கரில்.
ஒரே அறை. அவனுக்கு மேல்கட்டில், எனக்குக் கீழ்.
ஒட்டும்போதே சொன்னான்:
"சுத்திகரிப்பு நிலையத்துல ஆறு மணி நேரம் வரிசைண்ணே.
நாலு டிரிப் அடிக்கலேன்னா சம்பளத்துல பிடிக்கிறாங்க.
சூப்பர்வைசர் போன்ல சொல்றாரு,
இருட்டுல எங்கயாச்சும் விட்டுட்டு வந்துடுன்னு."
நான் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஆய்வாளர் ஹெஸ்ஸா குனிந்து
சில்லைப் பார்த்தார்.
பிறகு என் புட்டிகளைப் பார்த்தார்.
பிறகு கொஞ்ச நேரம்
வெறும் கடலைப் பார்த்தார்.

படிவத்தில் பதினாலு கட்டங்கள்.
நீரின் அளவு எழுதினேன், வெப்பம் எழுதினேன்,
நிறுவனம் என்ற இடத்தில்
தெரிந்த பெயரைத் தெரிந்தபடி எழுதினேன்.
அபராதம் அங்கே போகும். போகட்டும்.
பன்னிரண்டாவது கட்டம்:
ஓட்டுநரின் பெயர்.

எழுதினால் அவன் வாரக் கடைசிக்குள் விமானத்தில்.
திங்கட்கிழமை
அதே டேங்கரில், அதே வரிசையில்
இன்னொருவன்.
எழுதாவிட்டால்
இந்த நண்டுகளுக்கு என்ன பதில்?
பேனா அங்கே நின்றது.
வியர்வை ஒரு சொட்டு விழுந்து
கட்டத்தின் கோட்டைக் கரைத்தது.

ஹெஸ்ஸா படிவத்தை வாங்கினார்.
காலிக் கட்டத்தைப் பார்த்தார்,
என்னை எதுவும் கேட்கவில்லை.
தாளைத் திருப்பி
பின்பக்கத்து வெள்ளையில் அரபியில் ஒரு வரி எழுதினார்.
எனக்கு எண்கள் வாசிக்க வரும், எழுத்து வராது.
"என்ன மேடம்?"
"உத்தரவிட்டது யார் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.
அதற்குக் கட்டம் இல்லை."
"தோஹாவில் திருப்பிப் பார்ப்பார்களா?"
"தெரியாது" என்றார்,
முத்திரையை இரண்டு பக்கமும் குத்தினார்.
இரண்டாவது முறை கொஞ்சம் அழுத்தி.

சில்லு ஒரு பையில் போனது.
அதன் கழுத்துக்கும் நீல டேப்.
சாட்சி என்ற இடத்தில்
முழுப்பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன்:
இருதயசாமி அந்தோணிமுத்து.

இரவு ஒன்பதுக்கு
பிச்சைக்கனி குளித்துவிட்டு வந்தான்.
எனக்கும் சேர்த்துக் குழம்பு சூடாக்கியிருந்தான்.
"அண்ணே, பின்லைட்டு திரும்பப் போயிருச்சு.
அந்த டேப்பு இருக்கா?"

தீர்ந்துவிட்டது என்றேன்.
பையில் முழு உருளை இருந்தது.