ஊர்ப் பங்கு

அரசாங்கம் அறுபது, கம்பெனி இருபது, ஊர் இருபது.
பிலின் ஆபீசில் ஒப்பந்தம் வாசித்தவன்
நூறு சரியாகிவிட்டது என்று தாளை மடித்தான்.
எனக்கு அங்கேயே சந்தேகம்.

அறுபது காகிதமாக வந்தது.
கம்பெனியின் இருபது லாரியில் வந்தது:
நீலத் தகடுகள், சீன எழுத்துப் பெட்டிகள்,
கூடவே கோ லின் என்று ஒரு பொறியாளன்.
பர்மியத்தில் லின் என்றால் வெளிச்சம்.
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

எங்கள் இருபதை
நான் வீடுவீடாய் நடந்து வாங்கினேன்.
கூத்தப்பெருமாள் கன்றுக்குட்டியை விற்றான்.
கரேன் வீட்டு ஸா தூவிடம் காசில்லை,
கம்பம் நட ஆறு நாள் குழி தோண்டிக் கழித்தார்.
முத்துக்கறுப்பி ஒற்றைத் தோட்டைத் தந்தாள்,
மற்றது காதிலேயே இருந்தது,
மின்சாரம் வரட்டும் பார்க்கலாம் என்று.
கோயில் உண்டியலைத் திறக்க ஒரு மாதம் சண்டை.
எல்லாம் எழுதிக் கூட்டி
அடியில் கையெழுத்துப் போட்டேன்: டோ சான் ஏ.
சிவப்பாயி என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

முதல் ராத்திரி யாரும் தூங்கவில்லை.
சந்தோஷத்தால் அல்ல.
ரப்பர்க் காட்டுப் பூச்சி மொத்தமும்
எங்கள் ஊருக்குக் குடிவந்திருந்தது.

முன்பணம் கட்டினால் மீட்டரில் எண் ஏறும்,
தீர்ந்தால் அணையும்.
கணக்குப்பிள்ளை தங்கை வீடு என்று அதற்குத் தெரியாது.
தங்கை மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு ஒரு பிப்ரவரி.
பிலின் ஆபீசில் பலகை அதே பலகை, ஆட்கள் வேறு.
கோ லின் போனை எடுக்கவில்லை.
ரங்கூனிலிருந்து கம்பெனிக் கடிதம் ஒன்று,
பதினொன்றாம் ஷரத்தைப் பார்க்கும்படி.
பார்த்தேன்.
யார் பிழையும் அல்லாத காரணம் நேர்ந்தால்
யாரும் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர்.

அப்படியா?
மாதாமாதம் கம்பெனிப் பங்கை எண்ணி
ஓவல்டின் டப்பாவில் போட்டுவந்தேன்.
வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை.

வானத்தில் இரைச்சல் கேட்ட வாரம் ஊர்க்கூட்டம்.
இருட்டிய பின் ஒரு விளக்கும் எரியக்கூடாது.
கூட்டம் நடந்ததே குழல்விளக்கின் கீழ்தான்.
முடிவானதும்
ஸா தூ எழுந்து போய் சுவிட்சைத் தட்டினார்.
செருப்பைத் தேட வெகுநேரம் ஆனது.

இப்போது காலை ஒன்பதுக்கே பேட்டரி நிறைந்துவிடுகிறது.
போதும் போதும் என்று பச்சைப் பொட்டு மினுக்கும்.
அதற்குப் பிறகு விழும் வெயிலெல்லாம்
வெறும் வெயில்.
நெல் மில் பகலில் ஓடுகிறது, பம்பும் பகலில்.
ராத்திரியில் ஓடுவது
சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டி ஒன்றுதான்.
மூன்று ஊர்க் குழந்தைகளின் ஊசிமருந்து அதில்.
கதவைத் திறந்தால் உள்ளே பல்பு எரியும் என்பதால்
அதை நானே கழற்றி
முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் இரண்டு பேட்டரி வீங்கிப்போயின.
டப்பாவைத் திறந்து வேறு வாங்கினோம்.
நோட்டில் எழுதினேன்: கம்பெனிக்குத் தரவேண்டியது, இவ்வளவு.
கூத்தப்பெருமாள் எட்டிப்பார்த்து,
எந்தக் கம்பெனிக்கு என்றான்.
எழுதியதை அடிக்கவில்லை.

போன வாரம்
வாழைத்தார் ஏற்றிவந்த பையன் ஒருவன்
சிகரெட் அட்டைத் துண்டொன்றைக் கையில் திணித்தான்.
பெயர் இல்லை, நலமா என்ற கேள்வி இல்லை.
மூன்றாம் வரிசையில் தண்ணீர் குறைந்திருக்கும்,
ஊற்றவும், காய்ச்சி வடித்தது மட்டும்.
கையெழுத்து எனக்குத் தெரியும்.
ஏழு எழுதினால் வால் நீளும்,
ஏழு நாளைக்கொரு முறை என்று எழுதியிருந்தது.

எங்கே இருக்கிறான் என்று கேட்டேன்.
பையன் வாழைத்தாரை எண்ணிக்கொண்டிருந்தான்.

நோட்டை விரித்து வைத்தேன்.
அரசாங்கம், கம்பெனி, ஊர்.
அட்டையை எந்தப் பத்தியில் ஒட்டுவது
என்று பிடிபடவில்லை,
நோட்டுக்குள் செருகி மூடினேன்.

அன்று ராத்திரியே ஊற்றினேன்.
டார்ச் அடிக்க முடியாது,
மூடியைத் திறந்து
விரலை விட்டு மட்டம் பார்த்தேன்.
ஆசிட்.
விரல் நுனி இன்னும் எரிகிறது.