தலைக்கணக்கு

ஜனவரியில் பிஷ்கெக்கில்
பகல் பதினொன்றுக்கும் விளக்கெரியும்.
ஜன்னலைத் திறந்தால் நிலக்கரிப் புகை
கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
புள்ளிவிவரக் குழு, மூன்றாம் மாடி, கடைசி அறை.
நாட்டின் ஆராய்ச்சியாளர்களை எண்ணுவது என் வேலை.

தலையை எண்ணுவது வேறு,
ஆளை எண்ணுவது வேறு என்கிறது கையேடு.
தலை எப்போதும் முழுசு.
ஆள், ஆராய்ந்த மணிநேரத்துக்குத் தக்கபடி
அரை, கால், அரைக்கால்.

கால்நடை நிறுவனத்திலிருந்து பெர்மெத் கேட்கிறாள்:
ஆட்டுக்குத் தீனி வைப்பது ஆராய்ச்சியா?
இல்லை.
தீனி வைத்துவிட்டு எடை போட்டால்?
எதற்காகப் போடுகிறாய் என்பதைப் பொறுத்தது.
ஆட்டுக்கு அது தெரியாதே, என்கிறாள்.
அரைக்கால் என்று போட்டேன்.

பிரசவ விடுப்பில் இருக்கும் வேதியியலாளர்:
தலை ஒன்று, ஆள் சுழியம்.
ஓய்வுபெற்று ஒன்பது வருடம் ஆகியும்
காலை எட்டுக்கே வந்து
நிலநடுக்கக் கருவிக்கு மை ஊற்றும் ரொதியோன் இலாரியோனோவிச்
சம்பளப் பட்டியலில் இல்லை. ஆகவே தலையே இல்லை.
அவருடைய தொப்பி மட்டும்
ஆணியில் தொங்குகிறது.

சபிர்பெக், பனியாறு அளப்பவன்: 0.3.
மீதி ஏழு? என்று கேட்டேன்,
படிவம் அதைக் கேட்காவிட்டாலும்.
டாக்சி, என்றான். குளிர்காலத்தில் கையில் காசு நிற்கும்.
பனி எவ்வளவு கரைந்தது என்று பார்க்க
மலையடிவாரம்வரை போகிற பெட்ரோலும்
அந்த ஏழிலிருந்துதான்.

மார்ச்சில் அட்டவணையை மாண்ட்ரியலுக்கு அனுப்புவேன்.
பிறகொரு நாள் அது படமாகத் திரும்பும்:
பத்து லட்சம் பேருக்கு எத்தனை பேர், நாடுவாரியாக.
கொரியாவின் கம்பம் தாளின் விளிம்பை முட்டும்.
எங்களுடையது அடிக்கோட்டின் மேல்
பென்சில் சற்றே தயங்கியது போல.
துணை அமைச்சர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள்.
அச்சுப் பிழையா?
இல்லை ஐயா. அது நாம்தான்.

அடுத்த ஜனவரி சபிர்பெக்கின் படிவம் வரவில்லை.
இஞ்சியோனிலிருந்து செய்தி வந்தது.
முழுநேர வேலையாம். அறைக்குள்ளேயே
மைனஸ் இருபது வைத்திருக்கிறார்களாம்.
மேலங்கியைக்கூட அவர்களே தருகிறார்களாம்.

இங்கே 0.3 குறைந்தது.
அங்கே 1 கூடியது.
இருபது வருடமாகக் கூட்டிக் கழித்த கைக்கு
இந்தக் கணக்கு மட்டும் நேராகவில்லை.
நாங்கள் அனுப்பாத அந்த ஏழு
எந்த விமானத்தில் ஏறியது?
எங்கள் தெருக்களில்தானே சுற்றிக்கொண்டிருந்தது,
மஞ்சள் விளக்கோடு, கைகாட்டினால் நிற்கும்படி.
நானே இரண்டு முறை அதில் ஏறியிருக்கிறேன்.
சில்லறைக்குச் சண்டை போட்டிருக்கிறேன்.

செப்டம்பர். தெரியாத எண். காற்றின் இரைச்சல்.
ஷெர்காசி பேசுகிறேன், சபிர்பெக்கின் மச்சான்,
முன்பு அவனோடு மேலேறிக் கழி ஊன்றியவன்.
பட்டம் கிடையாது. நிறுவனம் கிடையாது.
எந்த வகைப்பாட்டிலும் அவனுக்கு வரிசை இல்லை.
பதினான்காம் கழி சாய்ந்துவிட்டது, என்கிறான்.
அளந்துவிட்டேன். யாரிடம் சொல்வது?
அவன் படிவத்தில் உங்கள் எண்தான் இருந்தது.

சொல்லுங்கள், என்றேன்.
மூன்று மீட்டர் நாற்பது.
கையில் கிடைத்த தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.
கட்டங்கள் இல்லாத பக்கம்.

போனை வைத்துவிடாதீர்கள், என்கிறான் மூச்சிரைக்க,
பதினைந்தாவது இன்னும் மேலே இருக்கிறது.