மஞ்சள் வயர்

ஜன்னல் திறக்கும். அதில் குறையில்லை.
நாலு விரல் தள்ளி அடுத்த வீட்டுச் சுவர்,
பூசாத செங்கல்.
முனிர்க்காவில் மூன்றாம் மாடி,
பெண்கள் இருவருக்கும் சேர்த்து வாடகை ஒன்பதாயிரம்.
கூலர் வைத்தால் ஐந்நூறு கூடுதல் என்று
படியிலேயே நிறுத்திச் சொன்னார் டோகஸ்.
அடாப்டர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பெல்சிக்கு இரவுப் பணி.
காலை ஒன்பதுக்கு வந்து படுப்பாள்,
பதினொன்றுக்குத் தலையணை நனைந்திருக்கும்.
மே மாதத்தில் மேலே சுற்றும் ஃபேன்
அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பப் பரிமாறுகிறது,
நேற்றைய சாம்பாரைப் போல.

நேரு பிளேஸ் கடையில் என் மேஜைக்கடியில்
செத்த கம்ப்யூட்டர்கள் பதினேழு.
முதலாளியிடம் கேட்டு மூன்று ஃபேன் கழற்றினேன்.
ஒன்று ஏதோ வங்கிக் கிளையினுடையது,
இறக்கைகளில் அழுக்கு நோட்டின் நிறத்தில் தூசி.
ஒன்று ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் இருந்தது.
மூன்றாவது விளையாட்டுப் பையன் எவனுடையதோ,
சுற்றினால் சிவப்பாய் எரியும்.
பழைய ரவுட்டரோடு வந்த அடாப்டர்,
பன்னிரண்டு வோல்ட், இரண்டு ஆம்பியர்.
மூன்றையும் தாங்கும், மீதியும் இருக்கும்.

சிவப்போடு சிவப்பு. கறுப்போடு கறுப்பு.
பெல்சி பல்லால் உரித்தாள், நான் முறுக்கினேன்.
இன்சுலேஷன் டேப் தீர்ந்துபோய்
ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி சுற்றினோம்.
ஊசி போட்ட கையில் ஒட்டுவதுபோல்
நுனியை மடித்து விட்டாள்,
பிறகு பிரிக்கும்போது வலிக்காதிருக்க.

மஞ்சள் மிச்சம்.
“இது என்னத்துக்கு?”
எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சொல்லும்.
“ஆருகிட்ட?”
மதர்போர்டிடம்.
அவள் அறையைப் பார்த்தாள்.
இரண்டு பாய், ஒரு ஸ்டவ், கொடியில் அவள் சீருடை.
“ராத்திரி முழுக்க எட்டு பெட்டுக்கு நம்பர் பாத்து எழுதுதேன்.
இதாவது சும்மா சுத்தட்டும். வெட்டு.”

வெட்டினேன்.

முதல் முறை உள்ளே வீசும்படி வைத்துவிட்டேன்.
கீழ்வீட்டுக் கடுகெண்ணெய், குழாய்ச் சந்தின் நாற்றம்,
யாருடைய சண்டையோ கொஞ்சம்,
எல்லாம் அறைக்குள் வந்து உட்கார்ந்தன.
சட்டத்தின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும்.
பத்து வருஷமாய்ப் பார்க்கிற எனக்கே மறந்துவிட்டது.
திருப்பினோம். சோதிக்கக் கொசுவத்தி ஏற்றினோம்.
புகை ஜன்னல்வரை போய்
ரேஷன் வரிசையில் போல நின்றது.

கதவைத் திற என்றேன். திறந்தாள்.
புகை நகர்ந்தது.
மூடினாள். நின்றது.
வெளியே போக வேண்டுமானால்
உள்ளே ஏதாவது வந்தாக வேண்டும்.
வருவதற்குக் கதவு ஒன்றுதான்.
இந்த ஊரில், இந்த மாடியில்,
பட்டப்பகலில் தனியாக உறங்குகிறவள்
கதவைத் திறந்து வைத்துக்கொண்டா?
அதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை.
தாழ்ப்பாளைப் பார்த்தோம்.

கடைசியில், எலிக்காகக் கதவடியில் அடித்திருந்த
பலகையைப் பெயர்த்தேன்.
அந்த இடத்தில் ஒரு கேபினட்டின் முகப்பு,
பொத்தல் பொத்தலாய்த் தகரம்,
நான்கு திருகில் உட்கார்ந்தது.
தாழ்ப்பாள் போட்டோம்.
புகை கொஞ்சம் யோசித்தது,
பிறகு சிவப்பு ஃபேன் பக்கம் போயிற்று.

வெயில் அப்படியேதான் இருக்கிறது.
ஒன்றரை மணிவரை தூங்குகிறேன் என்கிறாள் பெல்சி.
பாதி நம்புகிறேன்.

மதியம் கடையில்
சரிசெய்த கம்ப்யூட்டரை ஓடவிட்டால்
திரையில் எண் வருகிறது:
ஆயிரத்து நூற்று நாற்பது.
ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டு.
ஆயிரத்து நூற்று நாற்பது.

போனை எடுக்கிறேன், தூங்குகிறாயா என்று கேட்க.
கேட்டால் விழித்துவிடுவாள்.
வைத்துவிடுகிறேன்.