தொண்ணூறு நாளில் பத்து

மைனஸ் ஏழு.
அதற்குக் கீழே இறங்காது.
நாயின் கால் புதைகிற ஆழத்தைப் பார்த்தாலே தெரியும்:
நேற்றிரவு பெய்த பனி, இன்னும் தோல் கட்டவில்லை,
மிதித்தால் சத்தம் வராது.
வினிப்பெக் மாநகரசபையில் பத்தொன்பது வருடமாகப்
பனி வழிக்கிற வண்டி ஓட்டுகிறவள் சொல்கிறேன்,
நானூற்றைம்பது வருடத்துக்கும் முந்தி
புரூகெல் இதைச் சரியாகத்தான் தீட்டினார்.

டிப்போவில் டயர்க் கம்பனிக் கலண்டர்.
ஜனவரித் தாளில் அந்தப் படம்:
வேட்டை முடிந்து திரும்பும் மூன்று பேர், முதுகு மட்டும்.
மூன்று பேருக்கும் சேர்த்து ஒற்றை நரி.
பெப்ரவரி வந்தும் தாளைக் கிழிக்க நான் விடவில்லை.
மார்ச்சில் ஃபோர்மன் சிரித்தான்.
ஏப்ரலில் கழற்றித் தந்தே விட்டான்.

இப்போது அது ஃபிரிட்ஜ் கதவில்.
பக்கத்தில், சாப்பாட்டு மேசையில், ஐரோப்பா.
வாகீசன் எக்செல்லில் கட்டம் கட்டுகிறார்.
கனடாப் பாஸ்போட்டுக்குத் தொண்ணூறு நாள்;
தொண்ணூற்றோராம் நாள் நாங்கள் யாரோ.
"வியன்னாவுக்கு எத்தினை?"
"பன்ரண்டு."
"ஒரு மியூசியத்துக்கா?"
"ஒரு அறைக்கு."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு பன்னிரண்டு என்றே அடித்தார்.

புல் அறுக்கும் ஆடி மாதம் பிராக்கில்.
பனி இன்னும் பெய்துகொண்டே இருக்கிற சின்னப் பலகை
சுவிஸில், விண்டர்தூரில்.
கண் தெரியாதவர்கள் வரிசையாய்ப் பள்ளத்தில் சரிகிற துணி
நேப்பிள்ஸ் வரைக்கும் போனால்தான்.
கதிர் அறுப்பு நியூயோர்க்கில்; அது இந்தக் கட்டத்துக்குள் வராது,
பஸ் பிடித்தே போகலாம் என்றேன்.
பிரசெல்ஸில் ஒரு கூட்டம், பனிக்குள்,
பெயர் பதிய யன்னலடியில் நெரிபடுகிறது.
அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

தொண்ணூற்றொன்றில் இந்த வழியால் வந்தவள் நான்.
பிராக் என்றார்கள். வியன்னா என்றும் ஒருவன் சொன்னான்.
லொறிக்குள், தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால்
பதினோரு இரவு.
கூரையில் விழுந்தால் மழை,
மணி அடித்தால் ஊர்.
வேறொன்றும் பார்க்கவில்லை.
அந்தப் பதினொன்றை
இந்தத் தொண்ணூறில் கழிப்பார்களோ என்று கேட்டேன்.
மொன்றியலில் விமானத்தால் இறங்கிய வாகீசன்
கல்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டுத்
தேத்தண்ணி போட எழும்பினார்.

வருடத்தை ஆறு பலகையாகத் தீட்டினார் என்கிறார்கள்.
மிச்சம் ஐந்து.
தொலைந்தது வசந்தம்.
யார் வீட்டுச் சுவரிலிருந்து, எந்தச் சண்டையில், தெரியாது.
வினிப்பெக்காரிக்கு இது புதினமா?
எங்களுக்கும் அது வருவதில்லை. மே மாதம் சேறு,
அதற்குப் பிறகு நுளம்பு.
இருந்தாலும் அதற்குப் பத்து நாள் ஒதுக்கச் சொன்னேன்.
"எந்த ஊர்?"
"வெறுமையா விடுங்கோ."
"வெறுங் கட்டம் இருந்தா கூட்டல் பிழைக்கும்."
"பிழைக்கட்டும்."

இரண்டு இருபதுக்குப் போன் அடித்தது.
பதினைந்து சென்றிமீற்றர், இன்னும் கொட்டுகிறது.
ஐரோப்பா சுருண்டுவிடாமல்
உப்புப் போத்தலை மேலே வைத்துவிட்டு இறங்கினேன்.

பெம்பினாவில் கத்தியை இறக்கினால்
எனக்குப் பின்னால் தார் கறுப்பாக நீளும்,
முன்னால் எல்லாம் அந்தப் பச்சை கலந்த சாம்பல்.
பாலத்தடியில் மூன்று பெடியள், முதுகு மட்டும்,
ஒரு நாய்,
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பீட்சாப் பெட்டி.
விளக்கைத் தாழ்த்திக் கத்தியைத் தூக்கினேன்,
அவர்கள் மேல் ஒரு பொட்டும் தெறிக்காமல்.
மைனஸ் பதினாலு.
காலடியில் பனி கிறீச்சிட்டிருக்கும்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
எனக்குக் கேட்கவில்லை.