பலப்பம்

தறி ஓடாத நாளில் ஏகாம்பரகுப்பத்தில்
ஒரு வீட்டு அம்மிச் சத்தம்
மூன்று தெரு தாண்டிக் கேட்கும்.

பெத்தல அமாவாசை.
செத்தவர்கள் பசியோடு வருகிற ராத்திரி.

நகரி சந்தையிலிருந்து ஆட்டுத்தலை வாங்கிவந்தார் தணிகாசலம்.
தீயில் வாட்ட வாட்ட உதடு சுருங்கி
அது சிரிக்கத் தொடங்கியது.
துண்டுபோட்டுச் சட்டியில் தள்ளும்வரை
என்னைப் பார்த்தேதான் சிரித்தது.

முதல் இலை மாமனாருக்கு.
ரத்தப் பொரியல், பக்கத்தில் ஒரு குவார்ட்டர்.
"மூடியத் தொறந்து வை, அவருக்குக் கை ஏது?"
என்றாள் நாத்தனார்.
மாமியாருக்கு ராகி சங்கட்டி, கோங்கூரா.
பல் போன பிறகு செத்தவள்,
உருண்டை சின்னதாக இருக்கவேண்டும்.
கிணற்றில் விழுந்த சின்ன மாமாவுக்கு
எதுவும் வைக்கலாம்,
தண்ணீர் மட்டும் கூடாது.
வடை, அதிரசம், எள்ளுருண்டை எல்லாருக்கும் பொது.

உப்புப் பார்க்கக் கூடாது.
அவர்களுக்கு முன்னால் நம் நாக்கில் பட்டால் எச்சில்.
இரண்டு வருஷத்தில்
கொதிக்கிற சத்தத்தை வைத்தே
உப்புச் சொல்லப் பழகிவிட்டேன்.

நாலாவது இலை சம்பூர்ணத்துக்கு.
என் தாலியோடு வெள்ளி வில்லையாகத் தொங்குகிறவள்.
குனிந்து கோலம் போட்டால்
டிங்கென்று ஒருமுறை இடிப்பாள்.

அவளுக்கு என்ன பிடிக்கும்?

"எல்லாந்தான் தின்பா," என்றார் தணிகாசலம்,
அறுந்த இழையைத் தேடுகிற முகத்தோடு.
"எதத் தின்னா? வச்சது வச்சபடி இருக்கும்," என்றாள் நாத்தனார்.
உடம்பில் ரத்தமே இல்லை என்று
கையை விரித்தாராம் புத்தூர் டாக்டர்.
வயிற்றில் அப்போது ஐந்து மாசம்.

மாமனார் இலையிலிருந்து ரத்தப் பொரியலில்
ஒரு பிடி அவள் இலைக்கு மாற்றினேன்.
யாரும் பார்க்கவில்லை.
மாமனார் பார்த்திருப்பார்.

புருஷோத்தமன் இரண்டாம் கிளாஸ்.
என்னை இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிடாதவன்.
புத்தகப் பையைத் திறந்து
இரண்டு பலப்பம் எடுத்து
இலையின் ஓரத்தில் வைத்தான்.
"அம்மா இதத்தான் தின்னும். எனக்குப் பாதி குடுக்கும்."

"எட்றா அத!" என்று கை ஓங்கினாள் நாத்தனார்.
இருக்கட்டும் என்றேன்.

கற்பூரம் காட்டினோம்.
எல்லாரும் வெளியே போனார்கள்.
திரி தூண்டிவிட்டுக் கடைசியாக வந்து
கதவைச் சாத்தியவள் நான்.

ஒரு பீடி புகைக்கிற நேரம் நிற்கவேண்டும்.
தூறல். திருத்தணி பஸ் மேட்டில் ஏறி முனகியது.
அது அடங்கியதும்
உள்ளே

கடுக்.

"எலி," என்றார் தணிகாசலம்.
"பூனையா இருக்கும்."
"கதவ சாத்தியிருக்கே."
அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.
முந்தானை கனத்தது. குனிந்து பார்த்தேன்,
புருஷோத்தமன் பிடித்திருந்தான்.

கதவைத் திறந்தோம்.
குவார்ட்டரில் ஒரு விரல் குறைந்திருப்பதாக
நாத்தனார் புருஷன் கற்பூரத்தில் சத்தியம் செய்தார்.
நாலாவது இலையில்
பலப்பம் ஒன்றுதான் இருந்தது.
அதுவும் பாதி.

தடதடவென்று விழுந்து கும்பிட்டார்கள்.
தணிகாசலம் எழுந்திருக்க நேரமானது.

நாள் தள்ளிப்போய் ஐம்பத்து மூன்று.
யாருக்கும் சொல்லவில்லை.
மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவரைத் தாண்டும்போதெல்லாம்
வாய் ஊறுகிறது.
திரி தூண்டியபோது ஒன்றை எடுத்தவள் நான்தான்.
இடுப்பில் செருகியிருக்கிறது, முழுசாக.

மற்றதைக் கடித்தது யார்?

"இது என்து," என்று
மிச்சமிருந்த பாதியைச் சட்டையில் துடைத்துப்
பையில் போட்டுக்கொண்டான் புருஷோத்தமன்.
அதன்பிறகு தலைக்கறிக்குக் குழம்பு இன்னும் கேட்டுச் சாப்பிட்டான்.
உப்பு சரியாக இருந்ததாம்.

ராத்திரி எல்லாரும் தூங்கியதும்
என்னுடையதை இரண்டாக உடைத்தேன்.
ஒன்றை ஜன்னல் கட்டையில் வைத்தேன்.
மற்றது வாயில்.

கடிக்கவில்லை.
கடித்தால் வெளியே கேட்கும்.