எத்தனை துளை

குளிர்காலத்துக்கு மட்டும் கடல்மேல் ஒரு சாலை.
ஓரத்துக் கம்பத்தில் சாம்பல்நிறப் பெட்டி.
பனியின் தடிமனை அளந்து அளந்து
ஔலு நகரத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.
சில இரவுகளில் செத்துப்போகும்,
ஏனென்று சொல்லாமல்.

ரௌனி முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான்.
கர்னலுக்குள் வரிக்கு வரி அச்சிடச் சொன்னாள்:
வந்தேன், பூட்டைப் பிடித்தேன், விட்டேன், போகிறேன்.
பெட்டி வாயாடியது. ஒன்பது நாள் சாகவே இல்லை.
அச்சு வரிகளை எடுத்தாள்.
அன்றிரவே போயிற்று.

தொட்டாற்சுருங்கிப் பிழை.
பேச்சுக் கொடுத்தால் இலையை மூடிக்கொள்கிறது.

சரி, உலகத்தையே நிறுத்திப் பார்க்கலாம்:
ஒரு பிரேக்பாயின்ட், எல்லாம் உறையட்டும்,
ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாய்த் திற.
மேசைமேல் இருக்கும் பெட்டிக்கு அழகான வழி.
கம்பத்துப் பெட்டிக்குள் ஒரு காவல்நாய் டைமர்.
பதினாறு நொடி யாரும் தட்டிக்கொடுக்காவிட்டால்
கடித்துக் குதறி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்.
ரௌனி இரண்டாம் ரெஜிஸ்டரைப் படிக்கையில் கடித்தது.

பிறகு பிணக்கூறாய்வு. செத்த நினைவகத்தை
அப்படியே வாரிக்கொண்டு வந்து விரித்தாள்.
விழுந்த இடம் தெரிந்தது.
தடுக்கிய இடம் தெரியவில்லை.

பெட்டி ஊமையான நாள்களில்
அஹ்தியின் கைத்துளைப்பான்தான் கதி.
அவன் பனியைக் குடைவதைப் பார்த்து நின்றாள்.
"கிட்டக்கிட்டப் போட்டால் இன்னும் சரியாகத் தெரியாதா?"
அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.
"தெரியும். அப்புறம் அளக்கச் சாலை இருக்காது."
நூறு மீட்டர் தள்ளிப் போய்
அடுத்ததைப் போட்டான்.

அன்றிரவு மூன்றே இடத்தில் சுவடு வைத்தாள்:
இன்டரப்ட் நுழையுமிடம், பூட்டு விடுமிடம்,
நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்குமிடம்.
பதிவதற்குச் சின்னதாய் ஒரு வளையம்,
பழையதை விழுங்கிப் புதியதை வைத்துக்கொள்ளும்;
விழும்போது மட்டும் வாய் திறக்கும்.

அப்புறம் காத்திருந்தாள்.
காத்திருப்பதும் ஒரு கருவி என்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.

ஆறாம் நாள், மைனஸ் இருபத்தேழில், விழுந்தது.
கடைசி நாற்பது மைக்ரோநொடி:
இடத்தைக் கொடுத்தாயிற்று. பூட்டும் விட்டாயிற்று.
அப்போது வருகிறது ஓர் இன்டரப்ட்
பழைய முகவரியோடு,
வீடு காலியானது தெரியாத தபால்காரனாக.

இரண்டு வரிகளை இடம் மாற்றினாள்.
இரண்டு சுவடுகளை எடுத்தாள்.
மூன்றாவதை எடுக்கக் கை வரவில்லை.

சாலை உருகும் வாரத்தில்
அஹ்தி கம்பத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றுவான்.
அதுவரை பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது.
பிழை போய்விட்டதா,
இவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு
சும்மா இருக்கிறதா?